மிரேய் லாந்தேனை யாருக்கும் தெரியாது

“இதுல ஒரு வீட்டு நம்பரும் இல்லையே,” என்றாள் அனூக்.

“அந்த வீட்டுக்கு நம்பர் கிடையாது,” என்றாள் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்.

“தெருப் பேராவது?”

“தெருவே கிடையாது.”

“சரி, பக்கத்துல அடையாளமா என்ன இருந்துச்சு?”

“ஒட்டகம்.”

அனூக் சிரிக்கவில்லை. படைக்கு ஆள் சேர்க்கும் அலுவலகத்தின் முன்கவுண்டரில் அவளுக்கு அது மூன்றாவது மாதம். சிரிக்கலாமா கூடாதா என்று யாரும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. தாளைத் திருப்பி, கேள்வியை விரலால் தொட்டுக் காட்டினாள். கடந்த பத்து ஆண்டுகளில் வசித்த எல்லா முகவரிகளையும் எழுதவும். இடைவெளி இருக்கக் கூடாது. ஒவ்வொரு முகவரியிலும் உங்களை அறிந்த ஒருவர் பெயர் தரவும்.

“ஆறு வருஷம் மங்கோலியாவுல இருந்திருக்கீங்க. எத்தனை தடவை வீடு மாத்துனீங்க?”

“நான் எங்க மாத்துனேன்? வீடே மாறும். வட்டக் கூடாரம். குளிருக்கு ஒரு இடம், வசந்தத்துக்கு ஒண்ணு, கோடைக்கு ஒண்ணு, இலை உதிர்ற காலத்துக்கு ஒண்ணு. ஆடு எங்க மேயுதோ அங்க வீடு.”

“அப்போ இருபத்து நாலு முகவரி.”

“கணக்கு சரிதான். தாள்ல எத்தனை கட்டம் இருக்கு?”

“ஆறு.”

இந்தப் பேச்சு உள்ளறைக்குக் கேட்டிருக்க வேண்டும். சார்ஜன்ட் பிக்ஸ்லி காப்பிக் குவளையோடு வெளியே வந்தார். “வெளிநாடா?” என்று ஆங்கிலத்தில் கேட்டார். தலையில் பேன் இருக்கிறதா என்று கேட்பது போல் இருந்தது.

“ஆமா. சுரங்கத்துல லாரி மெக்கானிக். முந்நூறு டன் தூக்குற லாரி. டயர் மட்டும் இந்த அறை உயரம் வரும்,” என்றாள் அந்தப் பெண்.

“அந்த நாட்டு அரசாங்கத்தோட ஏதாவது தொடர்பு?”

“ஒரு தடவை ஒரு போலீஸ்காரரோட பைக்கைச் சரி பண்ணிக் குடுத்தேன்.”

சார்ஜன்ட் அதை எழுதிக்கொண்டார்.

அவர் எழுதி முடிக்கும் வரை அந்தப் பெண் அவருக்குப் பின்னால் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு படம்: ஓலைத் தொப்பி, தென்னை மரம், கையில் குட்டிக் குடை செருகிய கோப்பையோடு சார்ஜன்ட்.

“அது எங்க எடுத்தது?”

“கியூபா. வருஷா வருஷம் பிப்ரவரியில போவேன்.”

“அது வெளிநாடு இல்லையா?”

“அது லீவு,” என்றார் சார்ஜன்ட், கொஞ்சமும் கூசாமல். காப்பி ஆறுவதற்குள் உள்ளே போய்விட்டார்.

கதவு மூடியதும் அந்தப் பெண் பிரெஞ்சுக்கு மாறினாள். அந்த வட்டாரத்துக் கடற்கரைக்காரர்கள் ஒருவரையொருவர் எடை போட எப்போதும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டாள்.

“நீ யாரு பொண்ணு?”

“அன்ஸ்-நுவார் எட்கார் பொண்ணு.”

“கேன்டீன் எட்காரா! அதான பார்த்தேன், அந்த மூக்கு வேற யாருக்கு வரும்? நானும் அந்த ஊர்தான் பொண்ணே. லாந்தேன் வீடு, மாதா சிலைக்குப் பின்னாடி. உனக்கு ஞானஸ்நானம் குடுத்தப்போ உங்கம்மாவுக்கு ஒரே இருமல். நான்தான் உன்னைத் தூக்கி வச்சிருந்தேன். எனக்கு அப்போ பத்து வயசு. என் கவுன் பூராவும் வாந்தி எடுத்து வச்ச.”

அனூக் இப்போது சிரித்துவிட்டாள். மிரேய் லாந்தேனின் ஃபைல் அப்படித்தான் திறந்தது. மார்ச் மாதம், வெளியே இன்னும் முழங்கால் அளவு பனி.

அன்ஸ்-நுவார் கனடாவில், நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் வடகிழக்குக் கரையில், முந்நூறு பேரும் முப்பத்தெட்டு படகும் உள்ள, பிரெஞ்சு பேசும் ஊர். மே மாதம் சிங்கி இறால், அப்புறம் நண்டு, அப்புறம் அரசாங்கம் தரும் வேலையில்லாக் காலப் படி. பதினான்கு வாரம் வேலை, மற்ற வாரங்களில் ஜன்னலோரம். இந்த ஒழுங்கில் மிரேய்க்கு இடம் இருக்கவில்லை. அவளுக்குப் பிடித்தது டீசல் எஞ்சின். பதினைந்து வயதிலேயே அப்பாவின் படகு எஞ்சினைக் கழற்றி, கழுவி, ஒரு திருகாணிகூட மிஞ்சாமல் பூட்டியவள். மெக்கானிக் படிப்பை முடித்து ஊர்ப்பக்கத்து வண்டிப் பட்டறைகள் நான்கில் வேலை கேட்டாள். நான்கிலும் ஒரே பதில்: கல்லாவில் உட்காருகிறாயா? ஒரு முதலாளி தாராள மனசோடு, காலண்டருக்குப் படம் எடுத்துக்கொள்ளலாமா என்று சேர்த்துக் கேட்டான். அவள் அவன் மேசையிலிருந்த ஸ்பேனரைக் காட்டி, “இதுக்கு எது தலை, எது வால்னு தெரியுமா உனக்கு?” என்று கேட்டுவிட்டு வந்தாள்.

இருபத்திரண்டு வயதில் மேற்கே ஆல்பர்ட்டாவின் எண்ணெய் மணல் வயல்களுக்குப் போனாள். அங்கிருந்து மங்கோலியாவின் தெற்குப் பாலைவனத்தில் ஒரு செம்புச் சுரங்கத்துக்கு. சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பில் அவளுக்கு ஒரு தகரப் பெட்டி அறை கொடுத்தார்கள். அது பிடிக்கவில்லை. கூடவே வேலை பார்த்த பத்பயார் என்பவனின் பெற்றோர் அருகில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார்கள். விடுமுறைக்குப் போனவள், அவர்கள் கூடாரத்திலேயே தங்கி, சுரங்கத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்து போகத் தொடங்கினாள். பத்பயாரின் அம்மா ஒயூனாவுக்கு இவள் மொழி ஒரு சொல் தெரியாது. இவளுக்கு அவள் மொழி முப்பது சொல் தெரியும். ஆறு வருஷத்துக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்பா இறந்த செய்தி வந்தபோது முப்பத்து நான்கு வயது. அம்மா தனி. மிரேய் திரும்பி வந்தாள். ஒன்றரை மணி நேரத் தூரத்தில் படைத்தளம். அங்கே வண்டி மெக்கானிக்குகள் போதவில்லை, பாதி வண்டிகள் படுத்துக் கிடக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். வருஷம் முழுக்க வேலை, கனரக எஞ்சின், சனி ஞாயிறு அம்மாவோடு. அவள் வாழ்க்கையில் ஆசைப்பட்டுக் கேட்டது அந்த ஒன்றைத்தான். கல்லாவில் உட்கார் என்று சொல்லாத ஒரு பட்டறை.

இருபத்து நான்கு முகவரிகளையும் எழுத அவளுக்கும் அனூக்குக்கும் நான்கு மதிய உணவு இடைவேளைகள் பிடித்தன. கூடுதல் தாள் ஒட்டி, ஒவ்வொரு இடத்துக்கும் வரைபடத்தில் புள்ளி வைத்து, அட்சரேகை தீர்க்கரேகை எழுதினார்கள். “உங்களை அறிந்த ஒருவர்” என்ற கட்டத்தில் இருபத்து நான்கு தடவை ஒயூனா. அயல்வாசி யார் என்ற கேள்விக்கு மிரேய், “பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி ஒருத்தர் இருந்தார். வருஷத்துக்கு ரெண்டு தடவை பார்ப்போம். எழுதலாமா?” என்றாள். எழுதினார்கள்.

சார்ஜன்ட் அந்தத் தாள் கட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். “இதை மேல அனுப்பினா என்னைத்தான் கேப்பாங்க,” என்றார்.

“எதையாவது மறைக்கச் சொல்றீங்களா?” என்றாள் மிரேய்.

“நான் அப்படிச் சொல்லல. ஆனா நாணயமான ஆளுக்கு இவ்வளவு முகவரி இருக்காது.”

நாணயமான ஆள் எப்படி இருப்பான் என்பதை அடுத்த வாரமே அவர் காட்டினார். தனிக் ஹாஷே, வயது இருபத்தேழு, பக்கத்து ஊர். பிறந்ததிலிருந்து அம்மா வீட்டு நிலவறையில் குடியிருப்பு. அடுத்தவன் இறால் கூடுகளைத் தூக்கியதற்காக இரண்டு தடவை அபராதம் கட்டியவன். அந்தக் கரையில் கூடு திருடுவது என்றால் நம் ஊரில் வாய்க்கால் மடையை இரவோடிரவாகத் திருப்புவது மாதிரி. கேஸ் சின்னது, கேவலம் பெரியது. ஆனால் படிவத்தில் ஒரே ஒரு வரி. ஒரே முகவரி, இடைவெளி இல்லை, வெளிநாடு இல்லை, அறிந்தவர்: அம்மா. சார்ஜன்ட்டின் முகம் மலர்ந்தது.

“பார்த்தியா அனூக்? சுத்தமான ஃபைல்னா இது.”

கிணற்றை விட்டு வெளியே வராத தவளைக்குக் காலில் சேறு எப்படி இருக்கும்? ஐந்தே வாரத்தில் தனிக்குக்கு ஒப்புதல் வந்தது. அவன் அம்மா அலுவலகத்துக்கு ஆப்பிள் பணியாரம் கொண்டுவந்து கொடுத்தாள். பயிற்சி முகாமுக்குப் போன தனிக் ஒன்பதாம் நாள் திரும்பி வந்தான். வேறு கட்டிலில் அவனுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

மிரேயின் ஃபைல் நகரவில்லை. வசந்தம் போனது, கோடை போனது. அக்டோபரில் மேலிடத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது: மேற்படி போலீஸ்காரரின் பைக் என்ன வகை? மிரேய் பதில் எழுதினாள். ஜனவரியில் இன்னொன்று: மேற்படி ஆடுகள் யாருக்குச் சொந்தம்? அதற்கும் பதில் எழுதினாள். வருஷம் திரும்பியதும் அவளுடைய மருத்துவச் சான்று காலாவதியானது. மறுபடி ரத்தம், மறுபடி எக்ஸ்ரே, மறுபடி தரையில் படுத்துத் தண்டால். டாக்டர் அவளைப் பார்த்து, “போன வருஷத்தைவிட நல்லா இருக்கீங்க,” என்றார். “ஊர்ல எல்லாப் படகு எஞ்சினையும் நான்தான தூக்குறேன்,” என்றாள் மிரேய்.

அது உண்மை. அவள் திரும்பி வந்ததிலிருந்து அன்ஸ்-நுவாரின் முப்பத்தெட்டு படகில் குறைந்தது முப்பது அவள் கைபட்டு ஓடிக்கொண்டிருந்தது. கூலி கேட்டதில்லை. வாசலில் ஒரு வாளி நண்டோ, அடுப்புக்கு விறகோ வந்து இறங்கும். வழியில் பார்த்தால் “என்னடி, சிப்பாய், எப்போ துப்பாக்கி தூக்கப் போற?” என்று கேட்பார்கள். “இவளை மாதிரி ஒருத்தி நம்ம ஊர்க்காரின்னா பெருமைதான்” என்பார்கள். அறிந்தவர்களாக நான்கு பேரைக் கொடுக்க வேண்டும் என்றபோது, நான் நீ என்று போட்டி. கடைசியில் படகுத்துறைக் கேன்டீன் எட்கார், மாதா கோயில் அலுவலகத்து மதாம் பிசோன், மீனவர் சங்கத் தலைவர் ஃபெர்னான், அனூக்கின் அம்மா லிஸ் என்று நான்கு பெயரும் நான்கு தொலைபேசி எண்ணும் போயின. யாராவது கூப்பிடுவார்கள் என்று மிரேய் ஒவ்வொருவரிடமும் சொல்லி வைத்தாள். சொன்னது முதல் வருஷம் மார்ச்சில்.

இரண்டாவது வருஷம் அக்டோபர் இருபத்தி நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, பதில் வந்தது. சார்ஜன்ட் அதை அனூக்கின் மேசையில் போட்டார்.

“நான் சொன்னேன்ல? ஃபைல் மூடுறோம்னு ஒரு கடிதம் டைப் பண்ணு. இந்த மாசம் முப்பத்தொண்ணோட அதுக்குக் கெடு முடியுது.”

அனூக் படித்தாள். மங்கோலியப் பகுதியில் ஒரு குறையும் இல்லை. அந்த மாவட்டத்து அலுவலகம் பதினொரு நாளில் பதில் எழுதி, நீலத்தில் முத்திரை குத்தி அனுப்பியிருந்தது. கூடவே ஒயூனா சொல்லச் சொல்ல யாரோ எழுதிய ஒரு கடிதம், மொழிபெயர்ப்போடு. அந்தப் பெண் ஆறு குளிர்காலம் எங்களோடு இருந்தாள். இரண்டு கிண்ணம் சாப்பிடுவாள். பொய் சொல்ல அவளுக்கு எங்கள் மொழி போதாது. மூன்றாவது குளிர்காலத்தில் எங்களுடைய நாற்பது ஆடு செத்தபோது எங்களோடு உட்கார்ந்து அழுதாள். அவளுடைய அம்மா நலமா? கீழே, கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை.

ஃபைலைக் கவிழ்த்தது மங்கோலியா அல்ல. அன்ஸ்-நுவார்.

“தற்போதைய வசிப்பிடம் உறுதிப்படவில்லை,” என்று இருந்தது. விண்ணப்பதாரர் கொடுத்த நான்கு எண்களுக்கும் ஜூன் மாதம் விசாரணை அதிகாரி பேசியிருந்தார். விவரம் வரிசையாக இருந்தது. படகுத்துறை உணவகம், ஆண்: அப்படி யாரும் இங்கே இல்லை, இருந்தாலும் எனக்குத் தெரியாது. கோயில் அலுவலகம், பெண்: லாந்தேன் என்ற குடும்பமே இந்த ஊரில் கிடையாது. (அந்த அலுவலகத்து ஜன்னலைத் திறந்தால் கல்லறைத் தோட்டம். அதில் பாதிக் கல்லில் லாந்தேன்.) மீனவர் சங்கம், ஆண்: கேள்வி முடியும் முன்பே போன் வைக்கப்பட்டது.

நான்காவது. லிஸ் ஷியசோன் வீடு. ஜூன் பதினான்கு, சனி, காலை பதினொன்று பத்து. இளம் பெண் குரல், நல்ல ஆங்கிலம். “மன்னிக்கவும், அந்தப் பெயரில் யாரையும் எனக்குத் தெரியாது.”

அனூக் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். அம்மாவுக்கு இளம் குரல் இல்லை. அம்மாவுக்கு ஆங்கிலமே இல்லை.

ஊர்வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அன்ஸ்-நுவாரில் அந்தப் பழமொழி பாதிதான் செல்லும். தங்களுக்குள் என்றால் யார் வீட்டில் என்ன குழம்பு, யார் கட்டிலில் யார் என்பது வரை பேசுவார்கள். முன்பின் தெரியாத குரல் ஆங்கிலத்தில் ஒரு பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், ஊரே வாயை வெல்டிங் வைத்துக்கொள்ளும். அப்படிக் கூப்பிடுகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, கூடு எண்ணிக்கை பார்க்க வரும் மீன்வளத்துறைக்காரன். இன்னொன்று, படி வாங்கிக்கொண்டே கள்ளத்தனமாக வேலை பார்ப்பவர்களைப் பிடிக்க வரும் ஆய்வாளன். அதனால் குழந்தைகளுக்கு ஜெபம் சொல்லித் தரும் முன்பே இதைச் சொல்லித் தருவார்கள்: போன் வந்தால், தெரியாது. யாராயிருந்தாலும், தெரியாது. அப்பாவைக் கேட்டாலும், தெரியாது. அனூக் ஆறு வயதில் கற்றது. பிறகு இரண்டு மொழியில் பள்ளிக்கூடம் போனதால் அதை மரியாதையாகவும் சொல்லக் கற்றுக்கொண்டாள்.

ஜூனில் கூப்பிட்ட அந்த மனிதர் எங்கிருந்து பேசுகிறார் என்று சொல்லவில்லை. மிரேய் லாந்தேன் அங்கே இருக்கிறாரா, என்ன வேலை செய்கிறார் என்று மட்டும் கேட்டார். அனூக் அப்போது அம்மாவுக்காகக் கிழங்கு துருவிக்கொண்டிருந்தாள். கை ஈரம். ஒரு நொடி யோசித்திருந்தால் போதும். யோசிக்கத் தேவையே இல்லை என்பதுதான் அந்தப் பாடத்தின் அழகு. சொல்லிவிட்டு வந்து மறுபடி கிழங்கு துருவினாள். மத்தியானத்துக்குள் மறந்தும் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஊருக்குப் போனாள். கேன்டீனில் அப்பாவும் ஃபெர்னானும் இன்னும் நான்கு பேரும் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

“அப்பா, ஜூன் மாசம் யாராச்சும் போன் பண்ணி மிரேயைப் பத்திக் கேட்டாங்களா?”

எட்கார் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கேட்டான். இங்கிலீஷ்காரன். தேன் மாதிரிப் பேசினான். என்கிட்டயா? ரெண்டு தடவை கேட்டான், ரெண்டு தடவையும் ஆளே இல்லைன்னேன்.”

“நான் பேசவே விடல. படக்குனு வச்சிட்டேன்,” என்றார் ஃபெர்னான். “பாவம் அந்தப் பொண்ணு, நம்ம எஞ்சினெல்லாம் பாக்குறா. அவளைக் காட்டிக் குடுப்போமா?”

“மதாம் பிசோன்கிட்டயும் கேட்டானாம். லாந்தேன்னு ஒரு குடும்பமே இல்லைன்னுட்டாளாம்!” என்று ஒருவர் எடுத்துக் கொடுக்க, மேசையே குலுங்கிச் சிரித்தது. ஜோசப் லாந்தேன் என்பவர்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்.

“அது படைக்கான விசாரணை,” என்றாள் அனூக். “அவங்க குடுத்த நம்பர்தான் நீங்க எல்லாரும். தெரியும்னு சொல்லியிருந்தா வேலை கிடைச்சிருக்கும்.”

சிரிப்பு நின்றது. எட்கார் ஒரு சீட்டை இறக்கினார். “அப்போ அவன் அதை முதல்லயே சொல்லியிருக்கணும்.”

“நான் ஒரு தாள் கொண்டுவந்திருக்கேன். மிரேய் லாந்தேனை எங்களுக்குத் தெரியும், ரெண்டு வருஷமா இந்த ஊர்ல இருக்காங்கன்னு ஒரே ஒரு வரி. எல்லாரும் கையெழுத்துப் போடுங்க.”

தாள் மேசையைச் சுற்றி வந்தது. ஒருவருக்குக் கண்ணாடி வீட்டில். ஒருவருக்குக் கையில் எண்ணெய். ஜோசப் லாந்தேன் தாளை விளக்குக்கு நேரே பிடித்து, நீர்முத்திரை இருக்கிறதா என்று பார்த்தார்.

“அவ எஞ்சின் பாக்குறான்னு இதுல இல்லையே?” என்றார் ஃபெர்னான்.

“இல்லை.”

“ஆனா கையெழுத்துப் போட்டா, உனக்கு எப்படித் தெரியும்னு கேப்பான். அவ எஞ்சின் பாத்தான்னு வரும். யாரு எஞ்சின்னு வரும். அந்த வாரம் நீ படி வாங்குனியான்னு வரும்.” அவர் தாளை எட்காரிடம் தள்ளினார். “மனசாரச் சொல்றேன், அந்தப் பொண்ணுக்காக உயிரைக் குடுப்பேன். கையெழுத்து வேற விஷயம்.”

எட்கார் தாளை மகளிடமே திருப்பித் தந்தார். “நம்ம பொண்ணுதாம்மா அவ. இதை எழுதி வேற காட்டணுமா?”

பெருவிரல் ரேகை வைத்த ஒயூனாவை அனூக் நினைத்துக்கொண்டாள். தாளை மடித்துப் பையில் வைத்தாள். உயிரைக் கொடுக்கத் தயாராக ஆறு பேர் திரும்பவும் சீட்டுக் கலைத்தார்கள்.

மறுநாள் காலை, அலுவலகம் திறக்கும் முன், அனூக் விசாரணை அதிகாரியின் எண்ணைக் கூப்பிட்டாள். தன் பெயர், அப்பா பெயர், வேலை பார்க்கும் இடம் எல்லாம் சொன்னாள். மிரேய் லாந்தேனைத் தனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும் என்றாள். அப்படியானால் ஜூனில் ஏன் தெரியாது என்றீர்கள் என்று கேட்டார். கேட்பார் என்று அவளுக்குத் தெரியும். சொன்னாள். எழுத்தில் தர முடியுமா என்றார். தந்தாள். இரண்டு பக்கம், கையெழுத்தோடு.

முப்பதாம் தேதி மாலை ஃபைலில் “குறை நீங்கியது” என்று ஒரு வரி விழுந்தது. இருபது மாதமாக ஆடு எண்ணியவர்களுக்கு, அந்த ஊரிலிருந்து ஒரே ஒருத்தி கூப்பிட்டு, நான் பொய் சொன்னேன் என்றதும் நம்பிக்கை வந்துவிட்டது. விசாரணை அதிகாரியிடம் பொய் சொன்னதற்காக சார்ஜன்ட் அனூக்கை முன்கவுண்டரிலிருந்து எடுத்துக் கிடங்கு அறைக்கு அனுப்பினார். டிசம்பரோடு முடிந்த ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. “இவ்வளவு படிச்ச பொண்ணு, பின்னணி சரியில்லையே,” என்று அவர் சொன்னதாகக் கேள்வி. பிப்ரவரியில் அவர் கியூபா போனார்.

மிரேய் பயிற்சிக்குக் கிளம்பும் முன் படகுத்துறையில் விருந்து. கிழங்கு உருண்டை, நண்டு, மேலே டாங்கி வரைந்த கேக். ஃபெர்னான் எழுந்து, இந்த ஊர் தன் பிள்ளைகளை ஒருநாளும் கைவிட்டதில்லை என்று பேசி, தானே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மதாம் பிசோன் லாந்தேன் குடும்பத்தின் நாலு தலைமுறையைக் கோயில் பதிவேட்டிலிருந்து வாசித்தாள். அனூக்குக்குக் கேக் கொடுத்தார்கள், பேச்சுத்தான் கொடுக்கவில்லை. வெளியாளிடம் போனில் ஊர் விஷயம் சொன்னவள். எழுத்தில் வேறு. அவள் நெருங்கினால் சீட்டு மேசையில் வானிலை பற்றிப் பேசத் தொடங்கினார்கள். எட்கார் மட்டும் அவள் தட்டில் இன்னொரு நண்டை வைத்துவிட்டு, கேன்டீன் அடுப்பைத் துடைக்கப் போனார். ஏற்கெனவே துடைத்த அடுப்பு.

அனூக் அந்தப் போனைத் தானாகச் செய்தாள் என்றுதான் ஊர் நம்புகிறது. அது பாதி உண்மை. அதற்கு முந்தின மாலை, மடித்த தாளோடு கேன்டீனிலிருந்து இறங்கியவள், ஃபெர்னானின் படகில் எஞ்சின் குழிக்குள் தலைகீழாகக் கிடந்த மிரேயிடம் போய் நின்றாள். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். நாலாவது குரல் யாருடையது என்பதைக் கடைசியில் சொன்னாள்.

குழிக்குள் ஸ்பேனர் சத்தம் நின்றது.

“மன்னிக்கவும்னு வேற சொன்னியா?”

“ம்.”

“நல்ல பள்ளிக்கூடம்.” மிரேய் வெளியே வந்து படகின் விளிம்பில் உட்கார்ந்தாள். முழங்கை வரை கறுப்பு எண்ணெய். கோபம் வரும் என்று அனூக் காத்திருந்தாள். வரவில்லை, அது வந்திருந்தால் நிற்க இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

“எனக்கும் ஒரு தடவை வந்துச்சு அந்த போன்,” என்றாள் மிரேய். “பதினாலு வயசுல. எங்கப்பாவைக் கேட்டான். அவர் எனக்கு எதிர்ல உக்காந்து சூப்புக் குடிச்சிட்டிருந்தார். அப்படி ஒரு ஆள் இல்லைன்னேன். தலையைத் தடவிக் குடுத்தார்.”

கந்தல் துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

“எட்கார் பொண்ணே, உன்கிட்ட ஒண்ணு கேக்கறேன். அந்தத் தாளை ஊரெல்லாம் சுத்த விடாத, கிழிச்சுப் போடு. நாளைக்கு அவனுக்கு நீயே போன் பண்ணு. உன் பேரைச் சொல்லு, உங்கப்பன் பேரைச் சொல்லு. உன் வேலைக்கு ஆபத்துன்னு தெரியும், ஊர்ல உன்னோட பேச மாட்டாங்கன்னும் தெரியும், தெரிஞ்சுதான் கேக்கறேன். நான் நல்லவ, நாணயமானவன்னு எல்லாம் ஒண்ணும் சொல்ல வேண்டாம். என்னைத் தெரியும்னு மட்டும் சொல்லு.”